ஐந்து கியர் போட்டாச்சு, உதறலுக்கு எங்கே கை வைப்பது?

எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் ஒரு பழைய மகிந்திரா கமாண்டர் ஜீப் நிற்கிறது. டிஐ டீசல் இன்ஜின், 2523 சிசி, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. அதன் நாலு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, பொலேரோவின் ஐந்து கியர் பெட்டியை ஏற்றி இரண்டு வருஷம் ஆகிறது. கியர் லேசாக விழுகிறது. திருச்சிக்குப் போகும்போது இன்ஜின் தொண்டை கிழியக் கத்துவதில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் அதில் ஏறியவர்கள் எல்லாம் கையைக் காலை உதறிக்கொண்டுதான் இறங்கினார்கள். குன்றக்குடிக்குக் கூட்டிப்போன அப்பத்தா, "மாவு மில்லுக்குள்ள உக்காந்து வந்த மாதிரி இருக்கப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது பஸ் ஏறிவிட்டார்கள்.

தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் போன மாதம் இதே வேலையைத் தன் வண்டியில் முடித்தான். முடித்த கையோடு போன். "அண்ணே, மவுண்டிங் மாத்தவா, ஷாஃப்ட்ட பேலன்ஸ் பண்ணவா, இல்ல உள்ள ஷீட் ஒட்டிரவா? மூணுக்கும் சேத்துக் காசு இல்ல." மவுண்டிங் என்பது இன்ஜினும் பெட்டியும் உட்காரும் ரப்பர்த் தாங்கி, ஷாஃப்ட் என்பது பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு, ஷீட் என்பது சத்தத்தை அமுக்கத் தகட்டில் ஒட்டுவது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் முதலில் ஷீட், அப்புறம் மவுண்டிங், கடைசியில் ஷாஃப்ட் என்று போனேன். மூன்றில் எதற்கு அதிகம் செலவானதோ அதில்தான் பலன் மிகக் குறைவு. ஆகவே என் கட்சி இதுதான்: ஷீட் கடைசி. மவுண்டிங்கா ஷாஃப்ட்டா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை, வண்டியே சொல்லும்.

அதைக் கேட்க அரை மணி நேரம் போதும், காசும் கிடையாது. விடிகாலையில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்துத் திருமயம் சாலையில் வண்டியை எடுத்துப் போனேன். எங்கள் வண்டியில் 60 தொட்டதும் உதறல் தொடங்கும், 70-இல் உச்சம். அந்த 60-ஐ அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்தாவதிலிருந்து நாலாவது கியருக்கு இறக்க வேண்டும். வண்டியின் வேகம் அதேதான், இன்ஜின் சுற்று மட்டும் கூடியிருக்கும். உதறல் கொஞ்சமும் மாறாமல் அதே 60-இல் நின்றால், தொல்லை கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது: ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (பின் அச்சு நடுவில் சுற்றைச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி), சக்கரம். இன்ஜின் சுற்று மாறியதும் உதறலும் இடம் மாறினால் முன்னால் இருக்கிறது: இன்ஜின், கிளட்ச், மவுண்டிங். சந்தேகம் தீரவில்லையா, பின்னால் வண்டி வராதபோது சமதரையில் நியூட்ரலில் உருளவிட்டுப் பாருங்கள். அப்போதும் உதறினால் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். அப்படியென்றால் சக்கரம் விநாடிக்கு ஏழரைச் சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4.88 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் விநாடிக்கு 37 சுற்று. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வளைந்து சுற்றுவதற்காக உள்ள சிலுவை மூட்டான கிராஸ் ஜாயின்ட் கோணம் கெட்டால் சுற்றுக்கு இரண்டு உதை, ஆக விநாடிக்கு 74. இந்த மூன்றையும் உடம்பே பிரித்துச் சொல்லிவிடும். ஏழரை என்பது ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும் ஆட்டம், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். 37 என்பது சீட்டுக்கு அடியில் வரும் நடுக்கம், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கித் தெரியும். 74 காதுக்கு வரும், குளவி கூட்டுக்குள் தலையை விட்டாற்போல ஓர் இரைச்சல். போனில் அதிர்வு அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. சீட்டில் போனைக் கிடத்திவிட்டு ஓட்டினால் எந்த எண்ணில் முள் ஏறுகிறது என்று காட்டிவிடும். எனக்கு 74-க்குப் பக்கத்தில் ஒரு கோபுரம், 37-இல் ஒரு சின்ன மண்டபம்.

அதனால் ஷாஃப்ட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கிராஸ் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது, கியர் பெட்டி ஒரே சீராகச் சுற்றினாலும் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். மறுமுனை ஜாயின்ட் அதற்கு நேர் எதிராக முந்திப் பிந்தி, போன கணக்கைச் சரிக்கட்டிவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. இரு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும், அதாவது கிராஸைப் பிடிக்கும் கவட்டைகளும், ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். இந்த முந்தல் பிந்தல் 3 டிகிரியில் 0.14 சதவீதம்தான், 10 டிகிரியில் ஒன்றரைச் சதவீதம். கோணம் இரட்டித்தால் தொல்லை நாலு மடங்கு. ஐந்து கியர் பெட்டி எங்கள் பழைய பெட்டியைவிட நீளம், அதனால் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்தோம். ஷாஃப்ட் குட்டையானால் அதே உயர வித்தியாசத்துக்குச் சரிவு கூடும். அதோடு, பெட்டியின் வால் எங்கேயும் இடிக்கக் கூடாது என்று அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பின் கிராஸ் மெம்பரை ஒரு அங்குலம் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். சமநிலை கெட இவ்வளவு போதும்.

கோணத்தை அளக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். எங்கள் ஊரில் பழைய வீட்டுக் கதவு நிலைகளைச் செப்பனிடும் ஆசாரி ஒருவர் காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி வைத்திருக்கிறார், ரம்பத் தகட்டைச் சாய்த்து வைப்பதற்கு. அதை ஒரு நாள் இரவல் வாங்கினேன். வண்டி நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் பின் வில் பட்டை தொங்கி எல்லா எண்ணும் பொய்யாகிவிடும். பட்டறைப் பள்ளத்தில் இறங்கி, கியர் பெட்டியின் பின்முகத்தில் வைத்தால் வால் பக்கம் 6 டிகிரி கீழே. டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சேரும் மூக்கு 2 டிகிரி மேலே. இரண்டும் இணையாக இருந்திருந்தால் 6-க்கு 6 வந்திருக்கும். நாலு டிகிரி வித்தியாசம், குளவிக் கூட்டின் முகவரி அதுதான்.

வாலை அந்த ஒரு அங்குலம் திரும்ப மேலே தூக்கினோம். இடித்த இடத்தில் பிரேக் பைப்பை நகர்த்தி வைத்தால் போதுமாக இருந்தது, முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். வால் 4.5 டிகிரிக்கு வந்தது. பின் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒன்றரை டிகிரி ஆப்புத் தகடு வைத்ததில் மூக்கு 3.5-க்கு ஏறியது. ஏன் சமமாக வைக்காமல் ஒரு டிகிரி குறைத்தோம் என்றால், முடுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு தானாகக் கொஞ்சம் மேலே எழும்பும். அதற்கு இடம் விட வேண்டும். ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்து மாட்டுங்கள். திருப்பி மாட்டினால் இருக்கிற நோயை இரட்டிப்பாக்கிய புண்ணியம் கிடைக்கும்.

யோக் விஷயம்தான் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டித் தந்த பட்டறையில், பற்களில் சறுக்கி நீளும் முனையை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். நேராக வைக்கப் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் இரு பாதியிலும் குறி இருக்கும். எங்களுடையதில் புதுக் கறுப்புப் பெயின்ட் அதன் மேல் ஏறியிருந்தது. பள்ளத்திலிருந்து ஷாஃப்ட்டின் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன் யோக் செங்குத்தாக நிற்க, பின் யோக் தூக்கம் வந்த பிள்ளை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, இரண்டு குறியையும் நேராக்கி மாட்ட இருபது நிமிஷம். 70-இல் இருந்த உதறல் பாதிக்குப் பாதி போய்விட்டது. இதற்குத்தான் நான் ஆறு மாதம் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பேலன்ஸிங் இதற்கெல்லாம் பிறகுதான். பேலன்ஸ் செய்தால் போவது சுற்றுக்கு ஒரு முறை வரும் 37. கோணத்தால் வரும் 74-ஐ எந்த பேலன்ஸிங் மெஷினும் தொடாது. பலர் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டு வந்து "பேலன்ஸ் பண்ணியும் போகலை" என்று சொல்வதன் ரகசியம் இது. போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரேடியேட்டர் ஹோஸை இறுக்கும் கிளிப் ஒன்றை ஷாஃப்ட்டின் பின்முனையில் மாட்டி, அதன் திருகுத் தலையை மணிக்கூட்டின் 12, 3, 6, 9 என்று நாலு இடத்துக்கு மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் உதறல் தெளிவாகக் குறைந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ் கேட்கிறது என்று பொருள். எங்களுக்கு 6 மணியில் குறைந்தது, அதற்குப் பிறகே மதுரைக்குப் போனேன். கிராஸ்களில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் போங்கள், ஆடுகிற கிராஸோடு பேலன்ஸ் செய்தால் அது நிற்காது.

சரி, சோதனையில் உங்கள் உதறல் இன்ஜின் சுற்றோடு நடந்தது என்றால் மவுண்டிங். இங்கே மூன்று வழி உண்டு: கம்பெனி ரப்பர், பாலியூரித்தேன், அப்புறம் நம்மூர்க் கண்டுபிடிப்பான லாரி டயர்த் துண்டு.

நாலு சிலிண்டர் இன்ஜின் சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு 27 குத்து. ரப்பரின் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கு என்று சொந்தமாக ஓர் ஆட்ட எண் இருக்கும். குத்து அந்த எண்ணைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே போனால் கூட்டிவிடும். அதாவது 27 குத்துக்கு மவுண்டிங்கின் எண் 19-க்குக் கீழே இருந்தாக வேண்டும், இன்னும் கீழே போனால் இன்னும் நல்லது. ரப்பர் கெட்டியாக ஆக அந்த எண் ஏறும். பாலியூரித்தேன் பெரும்பாலும் ரப்பரைவிடக் கெட்டி. எண்ணெய் பட்டாலும் கரையாது, நாளும் தாங்கும். ஆனால் ஐடிலில் உதறலைத் தரைத்தகட்டுக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். பந்தய வண்டிக்கு அது சரி. டிஐ டீசலுக்கு, அதுவும் அப்பத்தா ஏறுகிற வண்டிக்கு, வேண்டவே வேண்டாம். டயர்த் துண்டுக்குள் நைலான் நூல் அடுக்கடுக்காக ஓடுகிறது, அழுத்தினால் அமுங்காது. அதைப் போடுவதும் மரக்கட்டையைப் போடுவதும் ஒன்று. அவசரத்துக்கு வழியில் போட்டு வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

ஆகவே என் ஓட்டு ரப்பருக்கு. ஆனால் புது ரப்பர் வாங்கியும் உதறல் போகாதவர்கள் நிறைய. பெட்டி மாற்றும்போது துளை கால் அங்குலம் தள்ளி விழும், கடப்பாறையால் நெம்பி போல்ட்டை ஏற்றிவிடுவார்கள். பிறகு அந்த ரப்பர் எந்நேரமும் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே நிற்கும், முறுக்கிய ரப்பர் கல்லுக்குச் சமம். எல்லா மவுண்டிங் போல்ட்டையும் அரைச்சுற்றுத் தளர்த்தி, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிடுங்கள். அது தன் இடத்தில் தானே உட்காரும். அணைத்துவிட்டு இறுக்குங்கள். துளை பொருந்தவில்லை என்றால் துளையை அறுத்து நீளமாக்குங்கள், ரப்பரை இழுக்காதீர்கள். அப்படியே கீழே படுத்து, இரும்பு இரும்பைத் தொடும் இடம் ஏதாவது உண்டா என்று கையை விட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் சைலன்சர் பைப் கிராஸ் மெம்பரோடு ஒரு நூல் இடைவெளியில் நின்றது, இன்ஜின் அசைந்தால் தொடும். இடைவெளியைச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குக் கூட்டியதில், கிளம்பும்போது வந்த "கடகட" போய்விட்டது.

கிளட்ச் பக்கத்துச் சத்தத்துக்குச் சோதனை காலடியிலேயே இருக்கிறது. வண்டி நிற்கும்போது, நியூட்ரலில், பெடல் அமுக்காமல் "கரகர" என்று இருந்து, அமுக்கினால் நின்றுவிடுகிறதா? பெட்டிக்குள் சும்மா சுற்றும் பற்கள் இன்ஜினின் குத்துக்குக் குத்து மோதிக்கொள்கின்றன. அல்லது முன் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாறாக, அமுக்கினால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங், இல்லாவிட்டால் பெட்டியின் முன் ஷாஃப்ட் நுனியை இன்ஜின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங். முதல் வகைக்குக் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். நடுவில் சுருள் ஸ்பிரிங் வைத்த சாதாரண பிளேட்தான் வேண்டும். அந்த ஸ்பிரிங்குகள் குத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லாத, செராமிக் வில்லை பதித்த பிளேட்டை "ரொம்ப நாள் உழைக்கும் சார்" என்று விற்பார்கள். உழைக்கும், கூடவே டிராக்டர் மாதிரி கிளம்பும்.

எங்களுக்கு, கிளட்சை மூடிப் பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும் கூடான பெல் ஹவுசிங் நேராகப் பொருந்தியது. அடாப்டர் தட்டு வைத்துப் பெட்டி ஏற்றியவர்கள், இரண்டின் மையமும் ஒன்றாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் முள் மொத்தம் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், அதாவது மையம் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், பைலட் பேரிங் அடிக்கடி போகும், காரணம் மட்டும் புரியாது. புதுக் கார்களில் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மேனுவல் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிகள் சிலவற்றின் மேனுவல் வகையில், கிளட்ச் உட்காரும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலே இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங்கோடு வரும். விலை கூடுதல் என்று அதை விட்டு ஒற்றைத் துண்டு ஃப்ளைவீல் போட்டால் ஐடிலில் பெட்டி கரகரக்கும். அது பழுதில்லை, அந்தத் தேர்வின் கூலி. எங்கள் ஜீப்புக்கு அந்த யோசனையே இல்லை, ஒற்றைத் துண்டுதான்.

கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கலாம் என்பார்கள். அமுங்கும், மார்கழிக் காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கும். பித்தளை சிங்க்ரோ (கியர் லேசாக விழ உதவும் வளையம்) உள்ள பெட்டியில் கண்ட ஜிஎல்-5 ஆயிலையும் ஊற்ற வேண்டாம், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையைத் தின்னக்கூடும். பெட்டிக்குச் சொன்ன ஆயில், சொன்ன அளவு.

இனி ஷீட். நான் முதலில் ஒட்டியது மொட்டைமாடி ஒழுகலுக்குப் போடும் தார் ஷீட், மலிவு என்று. சித்திரை வெயிலில் வண்டியை முகப்புக்கு வெளியே நிறுத்தியதும் உருகி, சைலன்சருக்கு மேலே இருந்த பகுதி வழிந்தது. வாடை ஒரு மாதம் போகவில்லை. பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டைல் ஷீட் வாங்கினேன். அது நல்ல பொருள்தான், ஆனால் அதன் வேலை என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும். தகடு தானே அதிர்ந்து தாளம் போடுவதை அது நிறுத்தும், அவ்வளவுதான். தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு, அரைப் பங்கு ஒட்டினாலே போதும், சுவரொட்டி மாதிரி மூலை முடுக்கெல்லாம் ஒட்டத் தேவையில்லை. வெளிச்சத்தத்தைத் தடுக்க வேறு வேண்டும்: கனமான ஒரு படலம், அதற்கடியில் தண்ணீர் குடிக்காத ஃபோம். சணல் ஃபெல்ட் வேண்டாம், ஒரு மழைக்கு நனைந்தால் தரைத்தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

இதெல்லாம் கூரையும் கதவும் உள்ள வண்டிக்கு. படுதா போட்ட ஜீப்பில் ஷீட் ஒட்டுவது, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ் போடுவது மாதிரி. ஷீட்டுக்குக் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆப்புத் தகட்டுக்கு ஆகவில்லை. ஒரே ஒரு விலக்கு, கியர் லீவர் துளை. பெட்டி மாற்றும்போது லீவர் இடம் மாறும், தரையைப் புதிதாக வெட்டுவார்கள், பழைய துளையைத் தகரத்தால் மூடி நாலு ரிவெட் அடிப்பார்கள். பெட்டியின் சத்தம் முழுக்க அந்த வழியாகத்தான் மேலே வரும். புது லீவருக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு ரப்பர் பூட் போட்டு, பழைய துளையின் ஓரத்துக்கு சீலன்ட் அடியுங்கள். ஷீட் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட எங்களுக்கு இது அதிகம் செய்தது.

தம்பி சோதனை ஓட்டம் ஓடிவிட்டு மறுபடி பேசினான். அவனுக்கு 50-க்கு மேல் ஒன்றும் இல்லை, நிற்கும்போதுதான் பல் கிட்டுகிறது, 50-க்குக் கீழே இருக்கிற கொஞ்சமும் ஐந்தாவதிலும் நாலாவதிலும் இன்ஜின் சுற்றோடு நடக்கிறது. "பின் மவுண்டிங் என்ன போட்டே?" என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. "டயர்த் துண்டுண்ணே." ஷாஃப்ட் பேலன்ஸுக்கு எடுத்து வைத்திருந்த காசை ரப்பருக்குப் போடச் சொன்னேன், மீதியில் லீவர் பூட்.

என் வண்டியில் மூன்றாவது கியரில் மட்டும் ஒரு மெல்லிய ஊளை பாக்கி இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. அது பெட்டிக்குள் பல்லோ பேரிங்கோ, ரப்பருக்கும் ஆப்புக்கும் கட்டுப்படாது. அதற்குப் பெட்டியை இறக்க வேண்டும். ஆடி கழியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.